மதகுச் சாவியும் ஏழு இங்கிலீஷ் சொற்களும்

மதகுச் சாவி கைது செய்யப்பட்டது 1959-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு காலை பத்தே கால் மணிக்கு.

கைது நடந்த இடம் ஜீயபுரம், வடக்குக் கிளை வாய்க்கால். கைது செய்தவர் வாய்க்காலுக்குக் காவல் பார்க்கும் லஸ்கர். சாவி எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை. ராசப்பனின் அரைஞாண் கயிற்றிலிருந்து அதை அவிழ்த்தார். பழுப்புக் கவரில் போட்டார். எச்சில் தொட்டு ஒட்டினார். திருச்சி கண்டோன்மெண்டில் இருக்கும் கிளைநீர்ப் பங்கீட்டு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

விவகாரம் சின்னது. அந்த வாய்க்கால் முதலில் ராசப்பனின் நெல் வயலுக்குப் பாயும். பிறகு மதகைத் தாண்டி பிச்சைமுத்துவின் வாழைத் தோட்டத்துக்குப் போகும். ஆளுக்கு மூன்று நாள் முறை. மூன்று நாள் முடிந்த பிறகும் ராசப்பன் மதகை இறக்கி, தன் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டான். கேட்டதற்கு, "நெல்லு இன்னும் குடிச்சு முடிக்கல மாப்ளே" என்றான். சத்தம் பெரிதானது. லஸ்கர் வந்தார்.

"ஆபீசு தீர்ப்பு சொல்ற வரைக்கும் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். பூட்டு இப்ப அரசாங்கச் சான்று. யாராச்சும் உடைச்சீங்க, ஜெயில்தான்."

இருந்தபடியே இருந்தது என்றால், மதகு மூடியபடி இருந்தது. ராசப்பனின் வயல் மதகுக்கு மேலே. ஆகவே அரசாங்கத்தின் நடுநிலை முழுவதும் ராசப்பன் வயலில் பாய்ந்துகொண்டிருந்தது.

பிச்சைமுத்துவின் தோட்டத்தில் எண்ணூறு பூவன் வாழை. தார் தள்ளுகிற பருவம். இந்த நேரத்தில் இருபத்தைந்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தார் வெளியே வராது, மரத்தின் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். அந்தக் கன்றுகளைத் தொட்டியத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி வண்டி ஏற்றியவள் அவன் மனைவி பவுனம்மாள்.

"மனு குடுத்தாத்தான் சாவி வருமாம். ஸ்ரீரங்கத்துல யதிராஜன் வாத்தியார் வீட்டுக்கு நம்ம இலைதானே போகுது. அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள் பவுனம்மாள்.

பிச்சைமுத்து போனான். அங்கே ஆரம்பித்தது ஆபத்து.

யதிராஜன் முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்குச் சித்திரை வீதியில் அவருக்கு எதிரிகள் கிடையாது. அவர் பேசுவது யாருக்கும் புரிந்தால்தானே. மனு மூன்றே வாக்கியம். அதற்குள் ஏழு கனமான சொற்களை அவர் இறக்கியிருந்தார்.

"வாத்தியாரய்யா, தண்ணி இல்லைங்கிறது இதுல இருக்குங்களா?"

"எல்லாம் இருக்கு. பிச்சைமுத்து, ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஆபீஸ்காரனுக்கு மனு புரியப்படாது. புரிஞ்சுடுத்துன்னா மதிக்கமாட்டான்."

மற்ற எந்த அலுவலகமாக இருந்தாலும் அந்த யோசனை பலித்திருக்கும்.

கிளைநீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு விசேஷம் நடந்திருந்தது. கோப்புகளை இனித் தமிழில் எழுத வேண்டும் என்று ஏற்பாடான சமயம். ஓர் இங்கிலீஷ் சொல்லைத் தமிழாக்குமுன் அதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்ற அலுவலகங்கள் அதைப் படித்துவிட்டு மறந்தன. இங்கே அதிகாரி அழகியமணவாளன் அதைப் படித்துவிட்டு யோசித்தார்.

ஓர் ஆளை நன்றாகத் தெரிந்துகொள்ள என்ன கேட்கிறோம்? அப்பா யார், தாத்தா யார், எந்த ஊர்? சொல்லையும் அப்படித்தானே கேட்க வேண்டும். மனுவில் உள்ள ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் எங்கே பிறந்தது, பிறந்தபோது என்ன பொருள், அந்தப் பொருள் மனுதாரர் விஷயத்தில் நிஜமா என்று பார்த்துச் சான்று கொடுக்க ஒரு தனிப் பிரிவு பிறந்தது. சொல்மூல ஆய்வுப் பிரிவு. ஒரு சொல் பொய்யானால் மனுவே பொய்.

முதல் நாள் பத்தரை மணிக்குப் பிச்சைமுத்து கண்ட காட்சி அவனைத் துண்டை இடுப்பில் கட்ட வைத்தது. டவாலிச் சேவகர் ஹபீபுல்லா, பட்டுத் துணி சுற்றிய பெரிய அகராதியைத் தலையில் சுமந்து நடுக்கூடத்துக்குள் வந்தார். குமாஸ்தாக்கள் எழுந்து நின்றார்கள். தேக்குப் பலகைமேல் அகராதி எழுந்தருளியது. நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருந்த அழகியமணவாளன் துணியை விலக்கி, அட்டையைத் திறந்தார். ரங்கநாதர் சன்னதிக் கதவைத் திறந்தால் திருக்காப்பு நீங்கியது என்பார்கள். இங்கேயும் ஹபீபுல்லா அதே குரலில் அறிவித்தார்:

"திருக்காப்பு நீங்கியாச்சு. மனுதாரருங்க வரலாம்."

வந்திருந்தது பிச்சைமுத்து ஒருவன்தான்.

"பாய், எத்தனை நாளாகுங்க?" என்று ஹபீபுல்லாவின் காதில் கேட்டான்.

"போன வருஷம் முசிறிக்காரர் ஒருத்தர் வந்தாரு. இப்ப மூணாவது சொல்லுல இருக்காரு. நல்லா இருக்காரு, தாடிதான் வளந்துபோச்சு."

அழகியமணவாளன் மனுவைப் படித்தார். முகம் மலர்ந்தது. "பேஷ். ஏழு சொல். ஓய், உமக்கு எத்தனை மரம்?"

"எண்ணூறுங்க சாமி. தண்ணி இல்லாம நாலு நாளாச்சுங்க."

"தண்ணீர் கடைசியில். முதலில் டிஸாஸ்டர்."

வாழை காய்வது ஒரு டிஸாஸ்டர் என்று யதிராஜன் எழுதியிருந்தார். சாதாரண ஜனங்கள் அதைப் பேரழிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அகராதி அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல் இத்தாலியில் பிறந்தது. பிறந்தபோது அதன் பொருள், கெட்ட நட்சத்திரம்.

"மதகு பூட்டின அன்னிக்கு என்ன நட்சத்திரம் தெரியுமா? ரோகிணி. அன்னிக்கு ஸ்ரீஜயந்தி ஓய். கண்ணன் அவதாரம் பண்ணின நாள். அதைக் கெட்ட நட்சத்திரம்னு சர்க்கார் கோப்பிலே எழுதச் சொல்றீரா?"

பிச்சைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணனுக்கு எதிராக மனுக் கொடுக்கும் எண்ணம் அவனுக்குக் கனவிலும் இல்லை. பவுனம்மாள்தான் ஊர் ஜோசியரைப் பிடித்தாள். பிச்சைமுத்து பிறந்தது சுவாதி. சுவாதிக்காரனுக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம். கண்ணனுக்கு நல்ல நட்சத்திரம், பிச்சைமுத்துவுக்கு மட்டும் கெட்டது. ஜோசியர் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தார். முதல் சொல் தேறியது. தண்ணீர் நின்று ஏழு நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது கேண்டிட். 'என்னுடைய கேண்டிடான விண்ணப்பம்' என்பது மனுவின் வாசகம். ஒளிவுமறைவு இல்லாத என்று பொருள் கொள்வது படிக்காதவர்கள் வழக்கம். மூலத்தில் அது லத்தீன். பொருள், வெள்ளை வெளேர்.

அழகியமணவாளன் பிச்சைமுத்துவின் வேட்டியைப் பார்த்தார். வாழைக்காரனின் வேட்டி எப்படி இருக்கும்? வாழைச்சாறு பட்ட கறை வண்ணானுக்கும் அடங்காது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை காப்பிக்கொட்டை நிறத்தில் தேசப்படம்.

"இதையா வெள்ளை விண்ணப்பம்ங்கிறீர்? கறையில்லாத வேஷ்டியிலே வாரும்."

ஜீயபுரத்தில் கறையில்லாத வேட்டி நெல்காரர்களிடம்தான் உண்டு. பக்கத்தில் இருந்த நெல்காரன் ராசப்பன். பிச்சைமுத்து அவன் வாசலில் போய்த் தயங்கி நின்றான்.

"ராசப்பா, ஒரு வேட்டி வேணும்."

"எதுக்கு மாப்ளே, விசேஷமா?"

"உம்மேல மனு குடுத்திருக்கேன்ல. அதுக்குக் கட்டிட்டுப் போகணுமாம்."

ராசப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து கல்யாண வேட்டியை எடுத்து வந்தான். "சண்டை தண்ணிக்குத்தான். வேட்டிக்கு என்ன வந்துச்சு. கறை மட்டும் பண்ணிராத."

எதிர்த்தரப்பின் வேட்டியில் மனுதாரர் வெள்ளை வெளேர் என்று ஆஜரானார். கேண்டிட் தேறியது.

மூன்றாவது, கால்குலேட். எண்ணூறு மரம் சேதமாகும் என்று கால்குலேட் செய்திருப்பதாக மனு சொன்னது. ஆதியில் ரோமாபுரிக்காரர்கள் கூழாங்கல்லை வைத்து எண்ணியதால் பிறந்த சொல் அது. கல் இல்லாமல் எண்ணியது கால்குலேட் ஆகாது. எண்ணூறு கல் வேண்டும்.

ஜீயபுரத்துக் காவிரியில் மணல் வேண்டுமானால் ஒரு ராஜ்யத்துக்கே கொடுக்கலாம். கல் ஒன்று கிடையாது. பிச்சைமுத்து ஜீயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தண்டவாளத்துக் கருங்கல்லைப் பொறுக்கப் போய், ரயில்வே ஆளிடம் மாட்டி, ஈரோடு பாசஞ்சரைக் கவிழ்க்கவில்லை என்று துண்டைப் போட்டுச் சத்தியம் செய்து தப்பினான். கடைசியில் எடமலைப்பட்டி புதூரில் சாலை போடுகிற இடத்தில் மேஸ்திரியைக் கெஞ்சி ஒரு சாக்கு ஜல்லி வாங்கிவந்தான்.

ஹபீபுல்லா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தார். நாலு மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. நாலு மணிக்கு அகராதி மூடப்படும். மறுநாள் முதலில் இருந்து எண்ண வேண்டும், விட்ட இடத்தில் தொடர விதியில்லை. மறுநாள் மூன்றே முக்காலுக்கு எண்ணி முடித்தார்கள். எண்ணூற்று மூன்று.

"மூணு மரத்தை மறைச்சிருக்கீர்" என்றார் அழகியமணவாளன்.

"சாமி, கல்லு மூணு கூட விழுந்திருச்சுங்க."

"கல் பொய் சொல்லாது ஓய். அதனாலதான் ரோமாபுரியிலே கல்லை நம்பினான்."

மூன்று மரத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகு மூன்றாவது சொல் தேறியது. பதிமூன்றாம் நாள்.

அங்கே பவுனம்மாள் விடிந்ததிலிருந்து குடத்தில் காவிரித் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். நாளைக்கு அறுபது குடம். மரம் எண்ணூறு. எந்த மரத்துக்கு ஊற்றுவது என்று தினம் காலையில் அவள் தோட்டத்து நடுவில் நின்று யோசிக்கிற நேரத்தில் ஒரு குடம் சுமந்துவிடலாம். இருந்தாலும் யோசித்தாள்.

"இன்னும் எத்தனை சொல்லு இருக்கு?"

"நாலு."

"அந்த வாத்தியாருக்கு இனிமே கிழிஞ்ச இலைதான்" என்றாள்.

நாலாவது டிரிவியல். இது டிரிவியல், அதாவது அற்ப, விஷயம் அல்ல என்று மனு. லத்தீனில் மூன்று சாலை கூடும் இடம். ஆகவே மனுதாரர் நிலத்தில் மூன்று சாலை கூடவில்லை என்று கர்ணம் சான்று தர வேண்டும். கர்ணம் நேர்மையானவர். இரண்டு சாலை, ஓர் ஒற்றையடிப் பாதை என்று எழுதிவிட்டார். பாதை சாலையா என்று மேலிடத்துக்கு எழுதக் கோப்பு தயாரானது. அன்று சாயங்காலமே பவுனம்மாள் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டாள். பாதை இல்லாமல் போனது, விஷயம் டிரிவியல் அல்ல என்று நிரூபணமானது.

ஐந்தாவது சொல்லுக்கு ராசப்பனுக்கே சம்மன் வந்தது. அவன் ஸினிஸ்டர், அதாவது கெட்ட, எண்ணத்தோடு பூட்டினான் என்பது குற்றச்சாட்டு. மூலத்தில் அந்தச் சொல்லுக்கு இடது கைப்பக்கம் என்று பொருள்.

ராசப்பன் முன்னால் ஒரு பூட்டு வைக்கப்பட்டது. பூட்டச் சொன்னார்கள். வலது கையால் பூட்டினான். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வலது கை. கையெழுத்து. வலது கை.

"ஸினிஸ்டர் பொய்" என்றார் அழகியமணவாளன். "மனு தள்ளுபடி ஆகிற நிலைமையிலே இருக்கு."

ராசப்பன் பிச்சைமுத்துவைப் பார்த்தான். பதினெட்டு நாளில் பிச்சைமுத்துவின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ராசப்பனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

"சாமி, எதுக்கு இத்தனை. எந்நெல்லு குடிச்சு முடிச்சிருச்சு. சாவியக் குடுங்க, நானே போயி மதகைத் திறந்து விட்டுடறேன்."

அழகியமணவாளன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சமாதானமா?" அந்தச் சொல்லை ஏதோ அசுத்தத்தைப் போல உச்சரித்தார். "இரண்டு சொல் பாக்கி இருக்கும்போது சமாதானமா? ஓய், இந்தப் பிரிவு ஆரம்பிச்சுப் பதினாலு மாசம் ஆறது. இதுவரைக்கும் ஒரு மனுவாவது தப்பாத் தீர்த்தோம்னு யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்? ஒரு மனுவையும் தீர்க்கலை. அந்தச் சுத்தத்தைக் கெடுக்கப் பார்க்கிறீர். நாங்க யாருக்கும் தண்ணீர் இல்லேன்னு சொன்னதே இல்லை. புரிஞ்சுக்காம தரமாட்டோம், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ளே பேசித் தீர்த்துண்டா, அப்புறம் எங்களுக்கு எப்படிப் புரியும்?"

ராசப்பன் பெருமூச்சு விட்டான். "சரிங்க. நான் கல்லெறியறது இடது கையிலதாங்க. எழுதிக்குங்க."

எதிரியே ஒப்புக்கொண்டதால் ஸினிஸ்டர் தேறியது. இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

ஆறாவது ஆஸ்பிஸஸ். ஆதரவு என்ற பொருளில், 'தங்கள் மேலான ஆஸ்பிஸஸின் கீழ்' என்று மனு முடிந்திருந்தது. பழங்காலத்தில் பறவை பறப்பதைப் பார்த்துக் குறி சொன்னவர்களிடமிருந்து வந்த சொல். ஆகவே அழகியமணவாளன் தினமும் பதினொரு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு மொட்டை மாடி ஏறினார். காக்கைகள் வந்தன, கணக்கில் சேரவில்லை. கொக்குகள் வந்தன, அவை மீன் காரியமாகப் போவதாகக் குறிப்பெழுதப்பட்டது. நாலாம் நாள் ஸ்ரீரங்கம் பக்கமிருந்து ஒரு கருடன் வந்து அலுவலகத்துக்கு மேலே வட்டமிட்டது. அழகியமணவாளன் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஹபீபுல்லா, மாடியில் காயப்போட்டிருந்த தன் கருவாட்டுத் துண்டுகளில் ஒன்று குறைந்திருப்பதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தண்ணீர் நின்று இருபத்திரண்டாம் நாள். தோட்டத்தில் பன்னிரண்டு மரத்தில் தார் தொண்டையில் சிக்கியிருந்தது. மீதி மரங்கள் கழுத்தைச் சாய்த்துவிட்டன. இன்னும் மூன்று நாள் தாங்கும் என்றாள் பவுனம்மாள். அதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிச் சொல், ரைவல். 'என் ரைவலான ராசப்பன்' என்று மனுவில் ஓர் இடத்தில் வந்திருந்தது.

அழகியமணவாளன் அகராதியைப் புரட்டினார். ஒரு பக்கம் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து நின்று படித்தார். கண் கலங்கியது.

"ஓய் பிச்சைமுத்து. இப்படி ஒரு சொல்லை அடியேன் இந்த ஆபீசிலே பார்த்ததில்லை. ரைவல்னா எதிரின்னு உலகம் நினைச்சிண்டிருக்கு. மூலத்திலே என்ன தெரியுமா? ஒரே வாய்க்காலிலே தண்ணீர் எடுக்கிறவா. அவ்வளவுதான். உமக்காகவே லத்தீனிலே பிறந்த சொல் ஓய் இது."

பிச்சைமுத்துவுக்கு உயிர் வந்தது. "அப்ப தேறிருச்சுங்களா சாமி?"

"எப்படித் தேறும்?" அழகியமணவாளன் லஸ்கரின் அறிக்கையை எடுத்தார். "உம்ம தோட்டத்திலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லேன்னு எழுதியிருக்கு. நீர் அந்த வாய்க்காலிலே தண்ணீர் எடுக்கலை. எடுக்காதவர் ரைவல் ஆக முடியாது. ராசப்பன் உமக்கு ரைவல் இல்லை. ரைவலே இல்லாதபோது தகராறு ஏது? தகராறே இல்லாதபோது மனு ஏது?"

ஹபீபுல்லா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குமாஸ்தா பேனாவை மூடினார்.

பிச்சைமுத்துவுக்கு அழவும் தெரியவில்லை, சண்டை போடவும் தெரியவில்லை. இத்தனை நாளும் என்ன கேட்டானோ அதையே கேட்டான்.

"அப்ப நான் இப்ப என்னங்க செய்யணும் சாமி?"

"ரைவல்னு நிரூபிக்கணும்."

"அதுக்கு என்னங்க செய்யணும்?"

"அந்த வாய்க்காலிலே தண்ணீர் எடுக்கணும். ஒரு நாள், ரெண்டு நாள் போறாது. இருபத்தோரு நாளாவது எடுக்கணும்."

"மதகு பூட்டியிருக்குங்களே. சாவி சாமிகிட்ட இருக்குங்களே."

அழகியமணவாளன் சிரித்தார். மூடர்களிடம் அவர் எப்போதும் அன்பானவர். "விதி பதினாலு. சான்று தயாரிக்க மனுதாரருக்கு வேண்டிய உபகரணத்தை ஆபீஸ் தந்து உதவணும். ஹபீபுல்லா, அந்தக் கவரைக் கொண்டு வாரும். ஓய், இதோ பாரும், இது உமக்குத் தண்ணீர் விடறதுக்கு இல்லை. சான்று தயாரிக்க மட்டும்தான். வாழை குடிச்சுடப் போறது, ஜாக்கிரதை."

மதகு திறந்தது. ராசப்பன்தான் பலகையைத் தூக்கிவிட்டான், இடது கையால். அன்று பொழுது சாய்வதற்குள் தண்ணீர் எண்ணூறு மரத்தின் காலையும் தொட்டது. பவுனம்மாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டுக்கொண்டு, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சிக்கியிருந்த பன்னிரண்டு தாரில் ஒன்பது வெளியே வந்தன.

இருபத்தோரு நாள் கழித்துப் பிச்சைமுத்து சாவியோடு ஆஜரானான். கோப்பு தயாராக இருந்தது.

"ரைவல் தேறியாச்சு" என்று அழகியமணவாளன் அறிவித்தார். "ஏழு சொல்லும் சுத்தம். மனுவை விசாரணைக்கு எடுத்துண்டோம். விசாரிச்சோம். மனுதாரர் தோட்டத்திலே இப்போ தண்ணீர் ஓடறது. ஆகவே குறை எதுவும் இல்லை. மனு தள்ளுபடி. சாவியை வையும்."

பிச்சைமுத்து சாவியை வைத்தான். ஹபீபுல்லா பழுப்புக் கவரை எடுத்தார். அழகியமணவாளன் அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டினார். ஒரு சொட்டு கவர்மேல் விழ இருந்த நேரம்.

"சாமி."

"என்ன?"

"இப்ப சாவி உள்ள போயிருச்சுங்களா?"

"போயாச்சு."

"அப்ப நாளையிலேருந்து எனக்குத் தண்ணி கிடையாதுங்க. நான் ரைவல் இல்லைங்க." பிச்சைமுத்து மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்து வைத்தான். யதிராஜன் எழுதியது. பவுனம்மாள் பக்கத்தில் நின்று எழுத வைத்தது. மொத்தமே ஒரு வரி. அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்.

அழகியமணவாளன் படித்தார். அந்தப் பிரிவின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு மனுதாரர் அதன் நோக்கத்தைப் புரிந்துகொண்டிருந்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். கவரை அப்படியே தள்ளினார்.

"விதி பதினாலு. இருபத்தோரு நாள். கையெழுத்துப் போடும்."

அந்த வருஷத்து அறிக்கையில் சொல்மூல ஆய்வுப் பிரிவு ஆறு மனுக்களைக் குறித்த காலத்தில் தீர்த்ததாகப் பாராட்டப்பட்டது. ஆறும் ஒரே ஆளுடையவை என்பதை யாரும் கவனிக்கவில்லை. குளித்தலையில் ஒரு கிளை திறக்கலாம் என்று யோசனை சொன்னார்கள்.

தை மாதம் கடைசித் தாரையும் வெட்டி வண்டியேற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, பிச்சைமுத்து துவைத்த வேட்டி கட்டிக் கிளம்பினான். தோட்டத்தில் இருந்த பவுனம்மாள் குரல் கொடுத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மனு குடுக்க."

"தாரெல்லாம் வெட்டியாச்சே. இன்னும் என்னத்துக்கு ரைவலு?"

பிச்சைமுத்து வெட்டுண்ட மரங்களின் அடியைக் காட்டினான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்ணைப் பிளந்துகொண்டு, முழங்கால் உயரத்துக்குப் பக்கக்கன்று எழும்பியிருந்தது.